சிதறல் எண்

அளவன் ஓர் இயந்திரம். ஆனால் சேலம் மருந்து ஒதுக்கீட்டு மையத்தில் ஒருவரும் அதை ‘அது’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘அவன் என்ன சொல்றான்?’, ‘அவன் சொல்லிட்டானா?’ என்றுதான் பேச்சு. சிபாரிசுக்கு மசியாதவன், கவுன்சிலர் போன் போட்டால் எடுக்காதவன், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்காராதவன் ஒருத்தன் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறான் என்றால் மரியாதை வரத்தானே செய்யும்?

அவன் வேலை அளப்பது. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த பாக்டீரியாவை மெல்லிய ஜெல்லித் தகட்டின் மேல் பரப்பிக் கொடுத்தால், நுண்ணோக்கி வழியாகப் படம் படமாக எடுத்துத் தள்ளுவான். படத்தில் தெரிகிற ஒவ்வொரு கிருமியையும் சுற்றித் தானே கோடு போட்டு நீளம் என்ன, அகலம் என்ன என்று பார்ப்பான். ஆயிரக்கணக்கில் அளந்து முடித்துக் கடைசியில் ஒரே ஓர் எண்ணைச் சொல்வான். அதற்குச் சிதறல் எண் என்று பெயர். கிருமிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எண் சிறியது. நெட்டையும் குட்டையுமாகக் கலந்து கிடந்தால் எண் பெரியது. முப்பதுக்குள் வந்தால் அந்த நோயாளிக்கு ஊதா மருந்து உண்டு. தாண்டினால் கிடையாது.

ஊதா மருந்து என்பது மக்கள் வைத்த பெயர். ஊதா நிறக் குப்பியில் வருவதால் அப்படி. வேலை செய்கிற மருந்தென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்றவற்றையெல்லாம் சளிக்கும் தும்மலுக்கும் விழுங்கி, போதாததற்குப் பண்ணைக் கோழிக்கும் கலந்து கொடுத்து, முந்தைய தலைமுறையே தீர்த்துக் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. கடைசி மருந்தையும் அப்படித் தொலைத்துவிடக் கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்துக்குக் காவல்காரன்தான் அளவன்.

அவன் எடுத்த படங்களைப் பார்த்துச் சரிசொல்கிற வேலை தில்லைநாயகிக்கு. உண்மையில் அவள் பார்க்கத் தேவையே இல்லை. அவன் தானே பார்த்துத் தானே முடித்துவிடுவான். அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு பொத்தானை மட்டும் அழுத்துவது அவளுக்கு ஒத்துவராது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம். வாரத்தில் சில மாதிரிகளையாவது தானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிடுவாள்.

பாக்கியம் சிஸ்டர் மையத்துக்கு வந்தது ஒரு காலை நேரத்தில். கொல்லிமலைக்கு மேலே கருங்காடு என்றொரு ஊர்; அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். மடியில் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறார் என்று கவுண்டரிலிருந்து தில்லைக்குப் போன் வந்தது.

விஷயம் இதுதான். சிஸ்டரின் மகள் வெண்ணிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல் ரத்தத்தில் இறங்கிவிட்டது. முதல் மாதிரியை அளவன் நாற்பதுக்கு மேல் சொல்லித் திருப்பிவிட்டான். விதிப்படி மறுபரிசோதனை ஒரே ஒரு முறை உண்டு. அந்த ஒரு முறைக்கான ரத்தம்தான் பெட்டிக்குள் இருந்தது. இதுவும் தாண்டினால் வெண்ணிலா அவ்வளவுதான். சிஸ்டர் வேறு யாரையும் நம்பாமல் தானே பஸ் ஏறி வந்துவிட்டார்.

“மூணு வருஷமா எத்தனையோ பேர் ரத்தம் எடுத்து இங்க அனுப்பியிருக்கறனுங்க மேடம்,” என்றார். “இங்க வந்து அது என்ன ஆகுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. இது எம் மக ரத்தமுங்க. ஒருதரம் கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

வெளியாளை ஆய்வுக்கூடத்துக்குள் விடக் கூடாது. தில்லை உள்ளே அழைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. கருங்காட்டிலிருந்து வந்த மாதிரி ஒன்றுகூட இதுவரை முப்பதுக்குள் வந்ததில்லை. கருங்காடு மட்டுமில்லை, மலையிலிருந்து வருகிறவை பெரும்பாலும் அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு மெத்தப் படித்தவர்கள் சிலர் ‘மலைக் கிருமி’ என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினார்கள். மலைக்காற்று, மலைப் பச்சிலை, சொந்தத்துக்குள் கல்யாணம் என்று ஆளுக்கொரு காரணம். கட்டுரையோடு நின்றதா? பஸ்ஸில் மலைக்காரர் பக்கத்தில் உட்கார ஆள் யோசித்தது. ராசிபுரத்தில் வீடு வாடகைக்குக் கொடுக்க மறுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களுக்கென்று பின்கட்டில் தனி வார்டே வந்துவிட்டது. தில்லைக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஆனால் எண்ணை மறுக்க அவளிடம் எதுவும் இல்லை.

ரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்து ஒரு சொட்டு எடுத்து ஜெல்லித் தகட்டில் பரப்பித் திரையில் காட்டினாள். சாம்பல் நிறப் பின்னணியில் சின்னச் சின்னக் குச்சிகளாகக் கிருமிகள் கிடந்தன. சிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். இத்தனூண்டு இருந்துகொண்டு ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளிவிட்டதே என்கிற கோபம் முகத்தில் தெரிந்தது.

“அளவு மாறி இருந்தா மருந்து ஏனுங்க குடுக்கக் கூடாது?”

“எல்லாம் ஒரே அளவுல இருந்தா எல்லாம் ஒண்ணுபோல முழிச்சிட்டிருக்குன்னு அர்த்தம் சிஸ்டர். மருந்து போனா மொத்தமும் செத்துடும். நெட்டை குட்டையா இருந்தா நடுவுல சிலது தூங்குது. மருந்து தூங்குறதைக் கொல்லாது. மத்ததெல்லாம் செத்ததுக்கப்புறம் அது எழுந்துக்கும். அந்த மருந்துக்குப் பழகி எழுந்துக்கும். அப்புறம் அது அடுத்தவங்களுக்குப் பரவினா, இருக்கிற ஒரே மருந்தும் போச்சு.”

சொல்லிக்கொண்டே தில்லை திரையைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். நிறையக் குச்சிகள் நடுவில் இடுங்கி, பாதி பிரிந்த நிலையில் இருந்தன. ஒரு கிருமி இரண்டாகப் பிரியும்போது அப்படி இருக்கும், அது இயல்புதான். ஆனால் அது சட்டென்று முடிந்துவிடுகிற காரியம். ஒரு படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிக்கும். இங்கே பார்த்த இடத்திலெல்லாம் பாதியில் நின்றிருந்தன. ஏதோ ஒன்று அத்தனையையும் அப்படி அப்படியே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

அவள் மாதிரிக் குழாயைக் கையில் எடுத்தாள். சில்லென்று இருந்தது.

“இதை எப்படிக் கொண்டுவந்தீங்க சிஸ்டர்?”

பாக்கியத்தின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. பெட்டியைத் திறந்து காட்டினார். தடுப்பூசி கொண்டுபோகிற பெட்டி அது. நாலு பக்கமும் ஐஸ் பை, நடுவில் பஞ்சு சுற்றிய இடத்தில் குழாய். கருங்காட்டில் கரண்ட் போனாலும் அவர் தடுப்பூசி ஒரு நாளும் சூடானதில்லை. மாவட்டத்திலேயே அதற்காகக் கேடயம் வாங்கியவர். ரத்தத்தையும் அதே கவனத்தோடுதான் அனுப்புவார். இன்றைக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜூஸ் கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஐஸ் வாங்கிப் பெட்டியை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். மலையில் இருக்கிற மற்ற நர்ஸுகளுக்கும் அவர்தான் பழக்கிக் கொடுத்தாராம்.

தில்லை குழாயைக் கீழே வைத்தாள். மையம் அனுப்பியிருந்த குறிப்பில் ‘மாதிரியைப் பத்திரமாகக் கொண்டுவரவும்’ என்று மட்டும்தான் இருந்தது. எழுதியவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை. சென்னையில் அவர்கள் ஆய்வுக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. இந்த ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அட்டெண்டர் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழியில் டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்து கொடுப்பார். உடம்புச் சூட்டில் கிருமிகள் சந்தோஷமாக வளர்ந்துகொண்டே வரும். வளர்கிற கிருமி ஒரே அளவில் இருக்கும். எத்தனை அலட்சியமோ அத்தனை சின்ன எண்.

அவள் தன் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தாள். வெண்ணிலாவின் மாதிரியில் கொஞ்சம் எடுத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்தாள். அன்று காலை அளவன் தாராளமாக அனுமதித்திருந்த டவுன் நோயாளி ஒருவரின் மாதிரியில் கொஞ்சம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். சிஸ்டரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தாள். சிஸ்டர் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிர வாயில் போடவில்லை. பேத்திக்குப் புட்டிப் பால் இறங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்தான் தன் பாலைக் கொடுக்கிறாள் என்றார். திரும்பி வந்து இரண்டையும் அளவனிடம் கொடுத்தார்கள்.

சூட்டில் இருந்த வெண்ணிலாவின் கிருமிக்குப் பத்தொன்பது. குளிரில் இருந்த டவுன்காரர் கிருமிக்கு முப்பத்தெட்டு.

மூன்று வருடமாக அவன் கிருமியை அளக்கவே இல்லை. குழாய் வந்த வழியை அளந்துகொண்டிருந்தான்.

தில்லை எதையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமோ என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு. ஐஸில் வைத்ததால் எண் ஏறிவிட்டது என்று சொன்னாள். பாக்கியம் சிஸ்டர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெட்டியின் மூடியை மூடினார். அதன் கொக்கியை மாட்டினார். அப்புறம் மெதுவாகப் பேர்களைச் சொல்ல ஆரம்பித்தார். சடையன், அவன் தம்பி, பூசாரி வீட்டு மருமகள், எட்டாவது படித்த பெண் ஒன்று. எல்லாம் அவர் கையால் ரத்தம் எடுத்து, அவர் கையால் ஐஸ் வைத்து அனுப்பியவர்கள். எல்லாரும் போய்விட்டார்கள்.

“நல்லபடியா போய்ச் சேரணும்னுதானே மேடம் வெச்சேன்,” என்றார்.

தில்லைக்கு அழுகை வந்தது. சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அக்கா என்று கூப்பிடுவதாகத் தீர்மானித்தவள்போல, “அக்கா, உங்க மேல தப்பில்லை அக்கா” என்றாள். அதைச் சொல்லி யாருக்கும் எந்த ஆறுதலும் ஆகாதென்று அவளுக்கே தெரிந்தது.

இயக்குநர் டாக்டர் ஜெரோம் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று சும்மா சொல்லவில்லை; தீபாவளிக்கு யாராவது ஸ்வீட் பெட்டி கொண்டுவந்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிறவர். தில்லை சொன்னதை முழுதாகக் கேட்டார். இரண்டு எண்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். உடனே அறிக்கை எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிடலாமா என்று தில்லை கேட்டாள்.

“அனுப்பணும்மா. ஆனா விதி உனக்குத் தெரியும். அளவன் மேல சந்தேகம்னு எழுத்துல போன நிமிஷம் மருந்துக் கிடங்குக்குப் பூட்டு. கமிட்டி கூடி, விசாரிச்சு, திறக்கிறதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் யாருக்கும் ஒரு குப்பி கிடையாது.”

“அந்தப் பொண்ணுக்கும் கிடையாதா சார்?”

“யாருக்கும்னா யாருக்கும்தான்.”

சூடு பண்ணின மாதிரிதான் சரியான மாதிரியா என்று அவர் கேட்டார். இல்லை என்று தில்லை சொன்னாள். சூட்டில் வைத்தால் தூங்குகிற கிருமியும் எழுந்துவிடும், வித்தியாசமே மறைந்துபோகும்; யாருடையதை வைத்தாலும் முப்பதுக்குள்தான் வரும். எடுத்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அது குளிரிலும் போச்சு, சூட்டிலும் போச்சு. வெண்ணிலாவுக்கு மருந்து கேட்குமா என்பது இப்போது யாருக்குமே தெரியாது.

ஜெரோம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே மரத்தடியில் பாக்கியம் சிஸ்டர் நின்றிருந்தார்.

“அந்தப் பத்தொன்பதைப் பதிவு பண்ணிடு,” என்றார். “அறிக்கையை எழுதி வை. பொண்ணுக்கு மருந்து ஏறட்டும், அப்புறம் அனுப்பிக்கலாம்.”

இதில் யாரைக் குறை சொல்வது? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான்.

வெண்ணிலாவுக்கு ஊதா மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள் என்று சிஸ்டர் போனில் சொன்னபோது தில்லை ஆய்வுக்கூடத்திலேயே சத்தமாகச் சிரித்தாள். அறிக்கை தயாராக இருந்தது. அனுப்பலாம் என்று ஜெரோமிடம் போனாள். ஆனால் அன்றைக்கு ஆத்தூர் லாரி டிரைவர் ஒருவர் படுக்கையில் இருந்தார். மூன்று பெண் குழந்தைகள் அவருக்கு. பூட்டுப் போட்டால் அவர் பிழைக்க மாட்டார். அவருக்கு ஏறட்டும் என்றார் ஜெரோம். தில்லையும் தலையாட்டினாள். அவர் தேறியதும் வாழப்பாடி டீச்சர் ஒருத்தி. அவளுக்குப் பிறகு ஏற்காட்டிலிருந்து வந்த இரட்டைக் குழந்தைகள். வரிசை என்றைக்காவது காலியாக இருந்தால்தானே? பூட்டு விழுந்தால் சாகப்போகிறவர் என்று ஒருவர் எப்போதும் இருந்தார். அவருக்கு ஒரு முகமும் வாசலில் காத்திருக்கிற ஒரு குடும்பமும் இருந்தன. அறிக்கையால் பின்னால் பிழைக்கப் போகிறவர்களுக்கு முகம் இல்லை.

இதற்கிடையில் மலையில் ஐஸ் நின்றுபோனது. பாக்கியம் சிஸ்டர் மற்ற நர்ஸுகளிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. இனிமேல் ஐஸ் வேண்டாம், இடுப்பில் முடிந்து கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னால் மலையில் கேட்பார்கள். அதற்குமேல் தப்பித்தவறிக் குளிர்ந்து வருகிற குழாயைத் தில்லை சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுவாள். இதைச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

எண்கள் மளமளவென்று இறங்கின. இப்போது எல்லாருக்கும் மருந்து கிடைத்தது. முன்பு கட்டுரை எழுதியவர்களே மறுபடி வந்தார்கள். மலைக் கிருமி அடங்கிவிட்டது, சுகாதாரப் பழக்கங்கள் வளர்ந்ததே காரணம் என்று எழுதினார்கள். பின்கட்டு வார்டை மூடினார்கள். சேலம் மையத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. ஜெரோம் போகவில்லை; தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டார். மாலையைக் கொண்டுவந்து அளவனுக்குப் போட்டார்கள்.

தில்லை விழாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் பேசியவர் ஒவ்வொரு முறை ‘துல்லியம்’ என்று சொன்னபோதும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. தேறிப்போன டிரைவர் தன் பெண்களோடு முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெண்ணிலாவின் குழந்தை தவழ ஆரம்பித்திருந்த சமயம், அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது.

சிஸ்டர் இந்த முறையும் தானே வந்தார். குழாயை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். தில்லை அதை அளவனிடம் கொடுத்தாள். அவன் பதினேழு என்றான். போன முறையைவிட நல்ல எண். மருந்து கொடுக்கலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. கவுண்டரில் இருந்தவர்கள் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். பயப்படாதீங்க, அவன் சொல்லிட்டான் என்றார்கள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. தில்லையைத் தனியே அழைத்துப்போனார்.

“இந்த நெம்பரு எனக்கு வேண்டாம் மேடம். ஐஸ் வெச்சா ஒண்ணு சொல்லுது, இடுப்புல வெச்சா ஒண்ணு சொல்லுது. நெசம் எனக்குத் தெரியணும். வேற வழி இல்லீங்களா?”

வழி ஒன்று இருந்தது. அளவன் வருவதற்கு முன்னால் எல்லா ஊரிலும் செய்ததுதான். கண்ணாடித் தட்டில் கிருமிக்குத் தீனி ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் கிருமியைப் பூசி, நடுவில் ஒரு சொட்டு மருந்து வைத்துவிட வேண்டும். மருந்து வேலை செய்தால் சொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டமாக வெட்டவெளி தெரியும். தூங்குகிற கிருமியை இது காட்டிக்கொடுக்காது, அதனால்தான் கைவிட்டார்கள். ஆனால் மருந்துக்குப் பழகிப்போன கிருமியைக் காட்டிவிடும். முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். அதுவரை வெண்ணிலாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தையும் கொடுத்துக்கொண்டே இருப்போம் என்று தில்லை சொன்னாள். பழைய தட்டுகளை ஸ்டோர் அறையில் தேடி எடுத்துக் கழுவிக் கொதிக்க வைத்தாள். ஒரு தட்டில் வெண்ணிலாவின் கிருமி. என்ன தோன்றியதோ, அன்று டவுனில் இருந்து வந்த இன்னும் சில மாதிரிகளையும் தனித்தனித் தட்டுகளில் பூசி வைத்தாள். அவர்கள் யாரும் அதுவரை ஊதா மருந்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்.

வெண்ணிலாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

தட்டுகளை எடுத்தபோது மத்தியானம் வெயில் ஆய்வுக்கூடத்துக்குள் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. விளக்கே தேவைப்படவில்லை. ஜெரோமும் வந்து நின்றார். தில்லை முதல் தட்டைத் திறந்து ஜன்னல் பக்கம் காட்டினாள். பாக்கியம் சிஸ்டர் குனிந்து பார்த்தார்.

“எங்கங்க பாக்கணும்?”

“நடுவுல அக்கா. மருந்து வெச்ச இடம். சுத்தி ஒண்ணும் இல்லாம இருக்கணும்.”

தட்டு முழுக்க மங்கலாகப் பால் ஏடு படிந்த மாதிரி கிருமி வளர்ந்திருந்தது. நடுவிலும் அப்படியே. சொட்டு எங்கே வைத்தோம் என்று அடையாளம் தெரியவில்லை.

தில்லை அடுத்த தட்டைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். ஜெரோம் மற்றவற்றைத் தாமே திறந்தார். ஒன்றில்கூட வட்டம் இல்லை. மருந்தே ஏறாத டவுன்காரர்களின் தட்டுகளும் அப்படித்தான் இருந்தன. பழகிய கிருமி ஊருக்குள் இறங்கி நாளாகிவிட்டது.

“இவங்களுக்கும் கேக்காதுங்களா?” என்று சிஸ்டர் கேட்டார்.

“இனிமே யாருக்கும் கேக்காது அக்கா.”

“அப்ப எம் பொண்ணுகிட்ட இருந்துதான் போச்சா?”

தில்லை இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எத்தனையோ பேருக்குச் சூடு பண்ணிக் கொடுத்தோம், அதில் யாரிடமிருந்து என்று எப்படிச் சொல்வது? டிரைவரா, டீச்சரா, இரட்டைக் குழந்தைகளா, அதற்கும் முன்னால் அட்டெண்டர் பையில் வந்த யாரோவா? எல்லாரையும் அவளுக்குத் தெரியும். எல்லாரும் பிழைத்தபோது அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

“தெரியலை அக்கா,” என்றாள். “யாருகிட்ட இருந்துன்னு அளக்கிறதுக்கு இப்ப நம்மகிட்ட ஒண்ணும் இல்லை.”

சிஸ்டர் தலையை ஆட்டினார். வெண்ணிலாவிடம் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். குழந்தையை இனி அவள் பக்கத்தில் விடலாமா என்று மட்டும் கேட்டார். விட வேண்டாம் என்று ஜெரோம் சொன்னார். சிஸ்டர் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போனார்.

ஜெரோம் தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினார். வெளியே கவுண்டரில் யாரோ புதிதாக ஒரு குழாயோடு வந்திருந்தார்கள். அவன் சீக்கிரம் சொல்லிடுவான், உட்காருங்க என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வது கேட்டது.

“அறிக்கையை அனுப்பிடும்மா,” என்றார் ஜெரோம்.

தில்லை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனையோ முறை திறந்து திறந்து மூடிய அறிக்கை. ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வழக்கம்போல், இப்போது அனுப்பினால் யார் உயிர் போகும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒருவர் உயிரும் போகாது. அனுப்பினாள்.